பேர் சொல்லும் இடம்

விளக்கு ரஸ்னாவின் முகத்தில் விழுந்ததும் தினேஸ்வரி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

காம்பார் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் தனிநடிப்பு விழா. தினேஸ்வரி அங்கே படிப்பவள் அல்ல. ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, சீருடையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ரஸ்னாவுக்குத் திக்குவாய்.

புந்தோங்கில் ஒன்றாகப் பள்ளிக்குப் போன காலத்திலிருந்தே அவளுக்குப் பாதி வாய் தினேஸ்வரிதான். ரஸ்னா முதல் எழுத்தைத் தொடங்குவாள். மீதியை இவள் முடித்துவிடுவாள். டீச்சரிடம், கடைக்காரரிடம், பஸ் ஓட்டுநரிடம்.

“நீ வாலா. ஆனா வா... வாயத் தெறக்காதடி” என்று ரஸ்னா நேற்று போனில் சொல்லியிருந்தாள். தினேஸ்வரிக்குச் சுருக்கென்றது. இருந்தும் வந்துவிட்டாள்.

மேடையில் ரஸ்னா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண். விடிவதற்கு முன், ஆட்கள் வரிசையாய் நிற்கும் பெரட்டில், பேர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் கிராணி அவளை ‘ஐயாவு பொண்டாட்டி’ என்றுதான் கூப்பிடுவார். ஐயாவு செத்த பிறகும் அப்படியேதான். இன்றைக்கு அவள் அவரிடம் தன் பேரைச் சொல்லப் போகிறாள்.

வசனம் ஓடியது. சில இடங்களில் இடறியது. சமாளித்துக்கொண்டு மறுபடி ஓடியது.

“எழுதிக்குங்க கிராணி ஐயா. என் பேரு...”

நின்றுவிட்டாள்.

ரஸ்னாவை எப்போதும் கவிழ்ப்பது பேர்தான். சின்ன வயதில் சொந்தப் பேரைக் கேட்டாலே அழுதுவிடுவாள்.

மண்டபத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நிகழ்ச்சித் தாளில் பார்த்திருந்த ‘காளியம்மா’ என்ற பேர் தினேஸ்வரியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கி மேடை மங்கியது.

ரஸ்னா நிமிர்ந்தாள். சிரிப்பு வந்த பக்கம் பார்த்தாள். அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“காளியம்மா.”

பிசிறே இல்லை. கடைசிச் சுவர்வரை போய் மோதியது அந்தக் குரல்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதலில் எழுந்தது பின்வரிசைதான்.

மேடைக்குப் பின்னால் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு தினேஸ்வரி அழுதாள்.

“எனக்கு உசுரே போயிருச்சுலா. அந்தப் பேரு வராம சிக்கிக்கிட்டியோன்னு...”

ரஸ்னா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“சி... சிக்கலடி. அங்க நானாத்தான் நிறுத்துனேன். எ... எல்லாரும் கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும்னு.”