நாலு மணிக்கு வரவும்

மூன்றாவது வெள்ளிக்கிழமையாக ஆங்கில ஆசிரியை தன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி நாலரை. ஈ காக்கா வரவில்லை. கதவைத் தட்டத்தான் ஆளில்லை. மாடியில் கம்ப்யூட்டர் லேபில் கீபோர்டைத் தட்டும் சத்தம் மட்டும் ஓயவில்லை.

கணிதமும் கம்ப்யூட்டரும் படிக்கும் முப்பது பேருக்கு ஆய்வுக்கட்டுரை எழுதும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. சமன்பாட்டிலிருந்து சமன்பாட்டுக்குத் தாவுவார்கள். நடுவில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பல்லைப் பிடுங்கச் சொன்னதுபோல விழிப்பார்கள். வாயால் பேச விட்டால் எழுதப் பழகமாட்டார்கள் என்று, சந்தேகமோ பதிலோ எதுவானாலும் கட்டுரையின் முடிவில் எழுதித்தான் தரவேண்டும் என முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள்.

வாரத்துக்கு முப்பது கட்டுரை. ஒவ்வொன்றிலும் இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் சிவப்புப் பேனாவும் ஓய்ந்துவிடும், அவளும் ஓய்ந்துவிடுவாள். அவ்வளவு திருத்தியும் அடுத்த வாரம் அதே தப்பு அச்சு அசலாக வந்து நிற்கும். எரிச்சலில் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

போதாக்குறைக்குத் துறைத்தலைவர் வேறு. இந்த வகுப்பால் ஒருவரும் தேறவில்லை, அடுத்த பருவத்தில் இதை எடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். வகுப்பு போனால் அவள் வேலையும் போகும்.

"தப்பு என் பேர்ல இல்ல சார். நான் திருத்திக் குடுக்கறதை அவங்க படிக்கறதே இல்ல. வேணும்னா நிரூபிச்சுக் காட்டறேன்" என்றாள். நிரூபணம் என்றதும் கணிதக்காரரான அவர் கொஞ்சம் இளகினார்.

அதற்காக வைத்த பொறிதான் இது. மூன்று வாரமாக ஒவ்வொரு கட்டுரையின் ஓரத்திலும், திருத்தங்களுக்கு நடுவே, ஒரே வரியைச் செருகியிருந்தாள். 'இதைப் படித்தவர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என் அறைக்கு வரவும். பத்து மதிப்பெண் உண்டு.' சும்மா கிடைக்கும் பத்து மதிப்பெண்ணுக்குக்கூட ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை.

திங்கள்கிழமை துறைத்தலைவரையும் வகுப்புக்கு அழைத்து வந்து நாற்காலி போட்டாள். திருத்தித் திருப்பித் தருவதற்காக மேசையில் வைத்திருந்த கட்டுரைக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"இதைப் படிச்சவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க."

முப்பது கைகளும் உயர்ந்தன.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏன் ஒருத்தரும் வரலை?"

முன்வரிசையில் இருந்த, லேசில் வாய் திறக்காத பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்களுக்கு லேப் மேடம். வேற நேரம் கேட்டு ஒவ்வொரு வாரமும் எல்லாருமே எழுதினோம்."

துறைத்தலைவர் எழுந்து வந்து, கட்டிலிருந்து ஒரு கட்டுரையை உருவிப் புரட்டினார். முதல் பக்கம் சிவப்பு. இரண்டாம் பக்கம் பாதிவரை சிவப்பு. சிவப்பே படாத அடுத்த பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"எங்கே எழுதினீங்க? என் கண்ணுல படவே இல்லையே?" என்றாள் ஆசிரியை.

"நீங்க சொன்ன இடத்துலதான் மேடம், கடைசிப் பக்கத்துல."