ஓவியருக்கு மரியாதை

"வாங்க சாமி, உள்ள வாங்க" என்று அப்பா மணியன் எழுந்து நின்று வரவேற்றதும் ஜெகதீஸ்வரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த வீட்டில், 'டேய்' என்பதைத் தவிர வேறு பெயரில் அப்பா அவனைக் கூப்பிட்டதே கிடையாது.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலுக்கு வரமாட்டேன், படம் வரையப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று மனுஷர் ருத்ரதாண்டவம் ஆடிவிட்டார். "கண்ணு மூக்கு இல்லாத படத்தை எவன்டா பாப்பான்? அதுதான் வேணும்னா இந்த ஊட்டு வாசல மிதிக்காத."

அவனும் லேசுப்பட்ட வீம்புக்காரன் இல்லை. பெர்லினுக்குப் போனவன் போனவன்தான்.

அங்கே பேர் எடுத்தான். கண்ணும் மூக்கும் இல்லாத அந்தப் படங்களை வெள்ளைக்காரர்கள் மணிக்கணக்காக நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு கண்காட்சியிலும் அவன் பார்வை மட்டும் வாசல் பக்கமே போகும். அப்பா ஒரு தடவை பார்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்கிற ஏக்கம் ஆறவே இல்லை.

போன வாரம் தங்கை தனப்பிரியா போனில் அழுதாள். "அப்பா முன்ன மாதிரி இல்லீங்கண்ணா. ஒருக்கா வந்துட்டுப் போங்க." கல்லும் கரைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, அடுத்த விமானத்தைப் பிடித்து வந்துவிட்டான். அவன் வந்த நேரம், அவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள்.

மணியன் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடியுங்கள் என்று உபசரித்தார். பேச்சுக்குப் பேச்சு 'ங்க'தான். பெற்ற பிள்ளையைச் 'சாமி' என்று கொஞ்சுவதும், பாசம் மிஞ்சினால் 'ங்க' போடுவதும் இந்தப் பக்கத்து வழக்கம். பாசமோ, பேர் எடுத்த ஓவியனுக்கு மரியாதையோ, எதுவாக இருந்தால் என்ன என்று ஜெகதீஸ்வரன் உருகிப்போனான்.

சுருட்டிக் கொண்டுவந்த ஓவியத்தைக் கட்டிலில் விரித்தான். செம்மண் நிறமும் சாம்பல் நிறமும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கிற படம். அப்பா திட்டினாலும் கேட்டுக்கொள்வது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டான்.

மணியன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். விரலால் மெதுவாகத் தடவிக்கொடுத்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"நல்லா இருக்குதுங்க."

இத்தனை வருஷமும் காத்துக் கிடந்த வார்த்தை. ஜெகதீஸ்வரன் பொறுக்கமாட்டாமல் அவர் காலில் விழுந்து குழந்தை மாதிரி அழுதான்.

மணியன் பதறிப்போய் அவனைத் தூக்கி நிறுத்தினார். முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என்ர பையனும் வெளிநாட்டுல இப்படித்தானுங்க வரையறான். அவனை எங்காச்சும் பாத்தா, அப்பனுக்குக் கோவமெல்லாம் போயிருச்சுன்னு சொல்லிப்போடறீங்களா?"