மேசைக்கு வராத கச்சாயம்

"எங்கம்மா சுட்ட கச்சாயத்தையும் ஏலம் விடுங்க, உபதேசியாரய்யா." இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வழியெல்லாம் கெஞ்சினாள். கேட்டுவிட்டேன். அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் காணிக்கைகள் ஏலம் போகின்றன. வேம்பின் நிழலும் வெயிலும் மேசைமேல் மாறி மாறி அசைகின்றன. எங்கள் சேரி கொடுத்த பூசணியைத் தோட்டம் துரவுள்ள ஆபிரகாம் ஏலத்தில் எடுத்து மடியில் அணைத்திருக்கிறார்; எங்கள் சேவல் அவர் மனைவியின் கக்கத்தில் சிறகடிக்கிறது. எங்கள் அடுப்பில் எண்ணெயில் வெந்த வெல்லக் கச்சாயம் மட்டும், வருஷா வருஷம் போலவே, செருப்புகளுக்குப் பக்கத்தில் கூடையோடு கிடக்கிறது. வெல்ல வாசனைக்கு எறும்பு ஏறுகிறது.

உபதேசியார் ஏலமணியைக் கீழே வைக்கிறார். "ஏன் அம்மணி, பி.ஏ. படிச்சுப்போட்டு இப்படிக் கேக்கலாமா? உங்க ஊட்டுல சமைச்சதை இங்க ஆரு எடுப்பாங்க, கண்ணு? நாளைக்கு நம்ம கோயில் பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேரோணுமல்லோ?"

"ஆண்டவருக்குப் படைச்சதுங்க. அவருக்கு ஆகறது ஆபிரகாமய்யாவுக்கு ஆகாதுங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமிக்கொள்கிறார்கள். ஆபிரகாம் குனிந்து பூசணியைப் பார்க்கிறார். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். அவள் விரல்களில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. நான் கூடையைத் தூக்கி எறும்பைத் தட்டுகிறேன். எல்லாரும் பார்க்க ஒன்றை எடுத்துக் கடிக்கிறேன். முறுகிய ஓரம் நொறுங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்கிறது. "அந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. அடுத்த வருஷம் எங்க பூசணியும் வராதுங்க, சேவலும் வராதுங்க." கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறேன். பின்னால் ஏலமணி இன்னும் அடிக்கவில்லை.