கேட்கும் பகுதி

இறந்தவர் ஒருவரின் மூளையைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆய்வக உதவியாளர் அளந்துகொண்டிருந்தாள். பதினொன்றில் நொதி அடங்கிக் கிடந்தது. ஒலியைக் கேட்டறியும் பகுதியில் மட்டும், உயிரோடு இருப்பவருக்கு இருப்பதுபோல் கருவியில் எண் எகிறியது.

வெளியே, இறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருந்த அவருடைய மனைவி போனில் மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் பேச்சை நிறுத்தியதும் எண் இறங்கியது.

உதவியாளர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள வந்து உக்காருங்கம்மா."

"கையெழுத்துப் போடணுமா?"

"இல்லம்மா. சும்மா ஏதாவது பேசிட்டிருங்க."

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னத்தப் பேச? நாப்பது வருஷமா நான் பேசினத அந்த மனுஷன் காதுலயே போட்டுக்கிட்டதில்ல."

எண் ஏறிக்கொண்டே போனது. உதவியாளர் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.