பிளைமவுத் பிக்கப் விற்பனைக்கு

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம்னுதானுங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க?"

"ஆமாங்க."

"பேரமே வேண்டாமுங்க. அதே வெலைக்கு எடுத்துக்கறேன்."

பாலுசாமி பிடரியைச் சொறிந்தார். "ஒன்னு இருபதுங்க."

கதிர்வேலுக்கு ஒன்றும் புரியவில்லை. விடியற்காலையில் வெள்ளகோவிலில் கிளம்பி, மூன்று பஸ் மாறி துடியலூர் வந்திருந்தார். பையில் முன்பணம் இருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க்கடை திறப்பு. கடை வாசலில் பிளைமவுத் நிற்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

வண்டியும் சொல்லிக்கொள்ளும்படிதான் இருந்தது. ஐம்பத்தேழாம் வருடத்து அமெரிக்கக் கார். பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டுப் பாரம் ஏற்ற பாடி கட்டியிருந்தார்கள். முன்பாதி இன்னும் ஜமீன்தார் மாதிரி நின்றது. மயில் நீலப் பெயின்ட்டில் முகம் பார்க்கலாம்.

"பழைய இன்ஜின் எட்டு சிலிண்டருங்க," என்றார் பாலுசாமி. "பெட்ரோல் பங்குக்குள்ள நொழைஞ்சா மொதலாளியே எந்திரிச்சு நின்னு கும்புடுவான். அதக் கழட்டிப்போட்டு டீசல் மாத்தியாச்சு. அடியில பாருங்க."

கதிர்வேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தே பார்த்தார்.

"வெட்டி ஒட்டுன எடம் தெரியுதுங்களா?"

"தேடுனாலும் தெரியலீங்க. யாரு செஞ்சது?"

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர் போல, பாலுசாமி சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். முன்பே எழுதி மடித்து வைத்த சீட்டு. பையில் இன்னும் நாலைந்து இருந்தன.

"ரசாக் பாய். உக்கடத்துல பட்டறை. வழியெல்லாம் அதுலயே எழுதியிருக்குது."

கதிர்வேல் எழுந்து தூசியைத் தட்டினார். "உக்கடமுங்களா? குண்டு வெடிச்சதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாருங்க வண்டி விடறாங்க?"

பாலுசாமி பானெட்டைத் திறந்து காட்டினார். பிறகு கதவைத் திறந்து சாத்திக் காட்டினார். புதுப் பெட்டி மூடுவது போலச் சத்தமில்லாமல் மூடியது.

"சரி, ஒன்னு இருபதுக்கே முடிச்சுக்கலாமுங்க," என்றார் கதிர்வேல்.

"ஒன்னு நாப்பது."

"ஏனுங்க, ஏலமா விடறீங்க? ஏலத்துலகூட வாங்க வந்தவன்தான் ஏத்துவான். நீங்களே ஏத்தறீங்களே!"

பாலுசாமியின் மனைவி சாமியாத்தாள் காபியோடு வந்தார். "இன்னைக்கு எவ்வளவு வரைக்கும் ஏத்தியாச்சு?" என்று கணவரிடம் கேட்டார்.

"இப்பத்தான் ஒன்னு நாப்பது."

"போன வாரத்து ஆளு ஒன்னு அறுபதுக்கும் சரின்னாரு. நீங்க காப்பி குடிங்க தம்பி, ஆறிப்போகுது."

கதிர்வேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேருக்குமே கிறுக்குப் பிடித்திருக்கிறதா?

"விக்கற எண்ணம் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இதே மாதிரி ஒன்னு செஞ்சுக்கலாமுங்களே," என்றார் பாலுசாமி, வெகு மரியாதையாக. "சீட்டு பத்திரமுங்க."

காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கதிர்வேல் வெளியேறினார். வெள்ளிக்கிழமை ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது? காந்திபுரம் பஸ் நிலையம் வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தக் கிறுக்கரைப் பற்றி யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு முகவரி. உக்கடம் பஸ் ஏறினார்.

பட்டறையில் மூன்று பழைய கார்கள் பிரித்துப்போட்டபடி கிடந்தன. ஒன்றின் அடியிலிருந்து கிரீஸ் கையோடு வெளியே வந்தார் ரசாக்.

"வாங்கண்ணா. துடியலூர்ச் சீட்டுங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரசாக் சுவரைக் காட்டினார். ஓர் ஆணியில் ஏழெட்டுச் சீட்டுகள் குத்தியிருந்தன. எல்லாம் அதே கையெழுத்து.

"அவருக்கு என்னதான் ஆச்சு பாய்? விக்கறேன்னு பேப்பர்ல போடறாரு. வாங்கப் போனா வெலைய ஏத்தறாரு!"

"எனக்கும் புரியலீங்கண்ணா." ரசாக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "குண்டு வெடிச்சதுக்கப்புறம் ஆறு மாசம் இந்தப் பட்டறைக்கு ஒரு வண்டி வரல. பழைய ஆளுங்க ரோட்டுல பாத்தாக்கூடத் தலையத் திருப்பிக்குவாங்க. மூடிட்டுத் திருப்பூர்ல மச்சான் கடைக்குப் போறேன்னு துடியலூர் ஐயாகிட்டச் சொல்லப் போனேன். சரின்னு மட்டும் சொன்னாரு. அடுத்த ஞாயித்துக்கெழமை பேப்பர்ல அவரு வண்டி விக்கறதா விளம்பரம்."

"அப்புறம்?"

"நான் போயிட்டா வண்டியப் பாக்க ஆளில்லைன்னு விக்கறாரு போலன்னு நெனச்சேன். அதுக்குள்ள இந்த வண்டியெல்லாம் ஒன்னொன்னா வந்துடுச்சு. நான் எங்கயும் போகலீங்கய்யா, விளம்பரத்த நிறுத்துங்கன்னு நேர்லயே போய்ச் சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறாரு. வயசாகுதில்லீங்களா, பாவம்."

கதிர்வேல் பிரித்துப்போட்ட கார்களைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"எங்க ஊட்டுல மாமனாரோட அம்பாசிடர் ஒன்னு நிக்குதுங்க," என்றார் மெதுவாக. "இப்ப கோழிதான் அடையுது. பின்னாடி வெட்டிப் பாடி கட்டலாமுங்களா?"

"தாராளமாக் கட்டலாமுங்கண்ணா. கொண்டாங்க." ரசாக் சீட்டை வாங்கி ஆணியில் குத்தினார். "ஆனா ஒன்னு சொல்லுங்க. விக்காத வண்டிக்கு எதுக்குங்க விளம்பரம்? என்னைப் பத்திச் சொல்லோணும்னா, எம்பேரையே போட்டிருக்கலாமில்ல?"

உக்கடம் என்றதுமே காலையில் தான் கேட்ட கேள்வி கதிர்வேலுக்கு நினைவு வந்தது.

"உங்க பேரைப் போட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டனுங்க, பாய்."