கருவாட்டு நெடி

தாயம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் காயக் கூடாது. கடுகு வெடிக்கக் கூடாது. அடையாற்றுக் கடலோரத்து ஊரூர் குப்பத்தில் பால் மணம் மாறாத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. வாசனை கிளம்பினால் வீட்டுக்குள் வந்து இறங்கியிருக்கும் ஆத்தாவுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பிள்ளையின் கண்ணை எடுப்பாள், உயிரையும் எடுப்பாள்.

தாயம்மாவின் மகள் தங்கத்துக்கு உடம்பெல்லாம் முத்து. ஒரு வாரமாக வாசலில் வேப்பிலை தொங்கியது.

இன்று விடிந்ததும் அந்த வேப்பிலையைத் தாயம்மாவே பிய்த்து எறிந்தாள்.

தெருமுனையில் வண்டி வந்து நின்றுவிட்டது. ஜன்னல் இல்லாத வண்டி. அம்மை கண்டவர்களைத் தூக்கிப் போவதற்கென்றே வருவது. உயிரோடு இருந்தாலும் சரி, பிணமானாலும் சரி, ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்டது. அவன் கப்பலேறி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சட்டத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனான், புண்ணியவான்.

தாயம்மாவின் அண்ணனையும் அதே சட்டம்தான் கொண்டுபோனது. அப்போது மாட்டுவண்டி. தொப்பி போட்ட துரை ஒருத்தன் குதிரைமேல் முன்னால் போனான். தாயம்மாவின் அம்மா வண்டிக்குப் பின்னால் அடையாற்றுப் பாலம் வரைக்கும் ஓடினாள். தடியால் நெட்டித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒரு பியூன் வந்து, பையன் போய்விட்டான், சுண்ணாம்பு போட்டு மூடியாகிவிட்டது என்றான். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு அவனுக்குத் தெரியவில்லை.

முகத்தைப் பார்க்காததால் அம்மா அதைக் கடைசிவரை நம்பவில்லை. கடற்கரையில் எந்த வாலிபன் நடந்து போனாலும் எழுந்து நின்று பார்ப்பாள். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் தாயம்மா.

அவள் புருஷன் தனபாலன் நேற்றே கட்டுமரம் தள்ளிக்கொண்டு போயிருந்தான். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை, போகாமல் என்ன செய்வான்? மகள் கண் மூடிக் கிடந்ததால் அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே போனான். அவன் கரையேறும்வரை தங்கத்தை யாரும் தூக்கிப் போகக் கூடாது. தாயம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நெத்திலிக் கருவாட்டை அள்ளிப் போட்டாள். காய்ந்த மிளகாயையும் கிள்ளிப் போட்டாள். நெடி கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. சட்டியைக் கரண்டியால் இடித்து இடித்துக் கிளறினாள். பயம் இல்லை, ஆத்திரம். ஆத்தாமேலும் துரைமேலும் அந்தக் கடல்மேலும் சேர்த்து ஆத்திரம்.

தங்கம் உள்ளே வலைக்குவியலுக்குப் பின்னால் பாயில் கிடந்தாள். ராத்திரியெல்லாம் தண்ணீர், தண்ணீர் என்று அனத்தியவள். இப்போது சத்தம் போடமாட்டாள்.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் வெள்ளைத்துரை. தென்காசிப் பக்கம் ஏதோ ஊரில் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். ஆள் நல்ல கருப்பு. வெள்ளைத் துரை போய்க் கருப்புத் துரை வந்துவிட்டான் என்று குப்பத்தில் கேலி பேசுவார்கள். கெட்ட மனுஷர் இல்லை. வீட்டுக்கு வீடு குனிந்து நுழைந்து, கெஞ்சிக் கூத்தாடி அம்மை குத்துகிறவர். ஆனால் அவர் நல்லவர் என்பதற்காக வண்டி வெறுமனே திரும்பாது.

மகள் எங்கே என்று கேட்டார். கோவளத்தில் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள் தாயம்மா.

கூட வந்த ஆள் வாசற்கூரையில் வேப்பிலை செருகியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். வெள்ளைத்துரை ஒரு காலை உள்ளே வைத்தார். தாயம்மா இன்னொரு பிடி மிளகாயைச் சட்டியில் போட்டாள்.

அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்த காலை வெளியே எடுத்தார். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் கண்ணிலும்தான் கொட்டியது.

அவர் வீட்டிலும் இதே வழக்கம்தான் இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு அம்மை கண்டிருக்கும்போது எந்தத் தாய் இப்படி வறுப்பாள்?

“கருவாடு வறுக்கிற வீட்ல அம்மை ஏதுடே? நட, அடுத்த வீட்டைப் பாப்போம்.”

போவதற்கு முன் அவளுக்கு அம்மை குத்தினார். மறுபேச்சு இல்லாமல் கையை நீட்டினாள். எல்லோரும் இப்படி நீட்டினால் எனக்கு இங்கே வேலையே இல்லை என்று மெச்சிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் அவள் அடுப்பை அணைக்கவில்லை. கருவாடு கருகியது. அதைக் கொட்டிவிட்டு வேறு போட்டாள்.

வெயில் ஏறிய பிறகு கட்டுமரம் கரை தட்டியது. தனபாலன் மணலில் கால் வைத்ததுமே மூக்கை உறிஞ்சினான். நெடி தன் குடிசையிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வந்த வேகத்தில் சட்டியை எட்டி உதைத்தான். எண்ணெய் தரையெல்லாம் ஓடியது.

“ஆத்தா கீற ஊட்ல இன்னாடி பண்ணிக்கினு கீறே? பொண்ணக் கொல்லப் பாக்கிறியா?”

கையை ஓங்கினான். தாயம்மா விலகவில்லை.

“ஆத்தா விடிகாத்தாலயே போய்ட்டாய்யா. பொண்ணையும் இட்டுக்கினு போய்ட்டா. உள்ள போய் மூஞ்சியப் பாத்துக்கோ. வண்டி இன்னும் தெருவுலதான் கீது.”