நால்வரின் கையெழுத்து

கண்டி நகரத்து மாடியறை ஒன்றில் ஐந்து கதிரைகள் வட்டமாகக் கிடக்கின்றன. யாரும் யாருக்கும் மேலே இல்லை என்பதற்காகக் குடும்ப ஆலோசகர் றஞ்சனா எப்போதும் அப்படித்தான் போட்டு வைக்கிறாள். மழை விட்ட பின்னேர வெயில் ஜன்னல் கம்பிகளின் ஊடாக லோஜினியின் மடியில் கோடு கோடாக விழுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் போகவிடாததால், மூன்று வாரமாக வீட்டில் வாய் திறக்காதிருந்த பெண் அவள். தெல்தோட்டையிலிருந்து வந்திருக்கும் தகப்பன் ஜெயராஜ், சட்டைப் பையிலிருந்து கொப்பித் தாளொன்றை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி நீட்டுகிறார். "நீங்க சொன்ன மாதிரியே நாலு பேரும் சுத்தி ஒக்காந்து பேசி முடிவெடுத்துட்டோம் மிஸ். படிப்பு வேணாம், தையில கல்யாணம். எல்லாரும் கையெழுத்து போட்டிருக்கோம்." "இப்ப வீட்டுல சண்டையே இல்லீங்க" என்று தாய் சிரிக்கிறாள். அண்ணன் போனிலிருந்து தலை தூக்காமல், "மொதல்ல மூணுக்கு ஒண்ணா இருந்திச்சு மிஸ். அப்புறம் அவளும் எங்க பக்கம் வந்துட்டா" என்கிறான். நாலாவது கையெழுத்து, பரீட்சைத் தாளில் எழுதியதுபோல் அழகாக, கோட்டைத் தொட்டபடி இருக்கிறது. "லோஜினி, இது உம்மட விருப்பமோ?" என்று கேட்கிறாள் றஞ்சனா. "எல்லாரும் சேந்து எடுத்ததுதானே மிஸ்." கீழே பஸ் நடத்துநர் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருக்கிறான். "நீங்களும் அடியில ஒரு கையெழுத்து போடுங்க மிஸ். நாளைக்கு இவ மாத்திப் பேசினா காட்டலாம்" என்கிறார் ஜெயராஜ். பேனாவைத் தேடுவதுபோல் றஞ்சனா கைப்பைக்குள் குனிகிறாள். லோஜினி தன் பேனாவை மூடி கழற்றி அவளிடம் நீட்டுகிறாள்.